பால் மரத்துக் கொம்பு

1951 ஜூன் 13, புதன்கிழமை. நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். மழை இல்லை, பனி மட்டும். ஐந்தரைக்கு ஆள் எண்ணும் பெரட்டு. பிரிவில் பன்னிரண்டு பேர். பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆறு மணிக்குக் கம்பிவேலிக் கதவு திறந்தது. ஆறேகாலிலிருந்து எட்டாம் நிரையில் மரங்களின் சுற்றளவு எடுத்தேன். தரையிலிருந்து ஐம்பது அங்குல உயரத்தில், நாற்பது மரம். இருபத்திரண்டாவது மரத்தின் பட்டையில் சிறு வெடிப்பு. ஏழே முக்காலுக்கு ஆபீஸ் திரும்பிக் கோப்பி குடித்தேன். பென்சில் சீவினேன்.

டைரியில் இதுவரை தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் நான்கு வரிதான். வழக்கமாக ஒரு பக்கம் போதாமல் ஓரத்திலும் எழுதுகிறவன் நான். அப்போது தோட்டத்து ஆபீஸில் கிராணி, கணக்கெழுத்து வேலை. ஏழு வருஷம் கழித்து, இப்போது மந்தினில் ஒரு சாமான் கடையில் கணக்குப்பிள்ளையாக உட்கார்ந்துகொண்டு, எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

அன்று பதினோரு மணிக்கு லண்டனிலிருந்து கம்பெனியின் துரை ஒருவர் வருவதாக இருந்தது. புது ரப்பர் ரகங்களை வளர்த்துப் பார்க்கும் எங்கள் சோதனைக்காடு இந்தத் தோட்டத்திலேயே இருக்க வேண்டுமா, ஆப்பிரிக்காவில் கம்பெனிக்குப் புதிதாகக் கிடைத்திருந்த இடத்துக்குப் போக வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். போனால் பிரிவில் உள்ளவர்கள் ரப்பர் பால் வெட்டுக்கோ புல் வெட்டுக்கோ மாற்றப்படுவார்கள். ஒருவரைத் தவிர. எங்கள் ஒட்டுக்காரருக்கு இடது கால் ஊனம். நானூறு மரத்தைச் சுற்றி வந்து பால் வெட்ட அவரால் முடியாது. உட்கார்ந்த இடத்தில் ஒட்டுக் கட்டுவது ஒன்றுதான் அவருக்குப் பிழைப்பு. சோதனைக்காடு போனால் அவருக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குக் கம்பெனி லயத்தில் வீடும் இல்லை. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் ஆராய்ச்சித் துரைக்கும் தெரியும்.

ஒட்டு என்றால் என்ன என்று ரப்பர் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். நிறையப் பால் தரும் மரத்தின் இளங்கொம்பில், இலைக்காம்பு உதிர்ந்த இடங்களில் எல்லாம் ஒரு மொட்டு இருக்கும். அதைக் கண் என்போம். அந்தக் கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்து, சாதாரணக் கன்றின் பட்டைக்கு அடியில் செருகிக் கட்டினால், முளைத்து வருவது தாய் மரத்தின் குணத்தோடு வரும். ஒரு கொம்பில் முப்பது கண் இருக்கும். முப்பது கண் முப்பது மரம். இரண்டு வருஷத்தில் ஒவ்வொன்றிலும் கொம்புகள். நல்ல மரம் எது என்று கண்டுபிடிக்கத்தான் பதினைந்து இருபது வருஷம் ஆகும்; கண்டுபிடித்ததைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கை போதும்.

ஆராய்ச்சித் துரை ஒருமுறை சொன்னார்: "நான் ஒரு இயந்திரம் செய்தால் அதற்குப் பேட்டன்ட் வாங்கலாம். வேறு எவனாவது செய்தால் கோர்ட்டுக்கு இழுக்கலாம். மரத்துக்குப் பேட்டன்ட் கிடையாது. மரத்துக்கு உள்ளது வேலியும் நம் வாயும்தான்."

எங்களுடைய நல்ல மரம் பதினேழாம் எண்; அதிலிருந்து கட்டிய ஒட்டுகள் எல்லாவற்றுக்கும் அதே எண்தான். அது எங்கிருந்து வந்தது, எவ்வளவு பால் தருகிறது என்பது துரைக்கும் எனக்கும் லண்டனுக்கும் மட்டும் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், துரைமார் எல்லாரும் சிறைக்குப் போயிருந்த மூன்றரை வருஷமும், அந்தப் புத்தகங்கள் மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் நர்சரிக் கொட்டகையின் அடியில் புதைந்து கிடந்தன. புதைத்தவன் நான். பதினேழாம் எண் நிரைகளுக்கு நடுவில் மரவள்ளி போட்டு, அந்த மரங்களுக்கு நோய் என்று சொல்லி, விறகுக்கு வெட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர் ஒட்டுக்காரர். அப்போது ஒரு கொம்பு கூட வெளியே போகவில்லை. கேட்க ஆளே இல்லாத காலம் அது.

கம்யூனிஸ்ட்டுகள் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய், அவசரகாலம் வந்த பிறகு எங்களைப் பழைய லயங்களிலிருந்து பெயர்த்து, ஆபீஸுக்கும் ரப்பர்ப் பாளம் உலர்த்தும் புகைக்கூண்டுக்கும் பக்கத்தில் கம்பிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். அது அந்த வருஷம் மார்ச் மாதம். நர்சரி கம்பிக்குள் வந்தது. கோயிலும் அதை ஒட்டி நின்ற அரசமரமும் ஒன்றரை மைல் தள்ளி வெளியே நின்றுவிட்டன. காலை ஆறுக்குக் கதவு திறந்தால் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிறவன் மதியத்துக்கு ஒரு பிடி சோறு கூடக் கட்டிக்கொண்டு போக முடியாது.

அதற்கு முந்தின வருஷம் காட்டிலிருந்து வந்தவர்கள் எங்கள் லாரியை எரித்தார்கள். ஐந்தாம் நிரையில் வரிசையாகப் பட்டையை வெட்டிப் போட்டார்கள். துரையின் ஜன்னலில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. அப்போது கம்பெனி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கம்பியும் நான்கு காவலர்களும் அனுப்பியது. அதை நான் நினைவில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 10, ஞாயிற்றுக்கிழமை, ஒட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பகாவ். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அங்கே நாலு ஏக்கர் சொந்த ரப்பர்த் தோட்டம். விருந்தாளிகளின் பெயர்ப்பட்டியலைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தவன் நான். நாற்பத்தாறு பேர். பந்தல் கம்பிக்குள்ளேயே, லயத்துக்கும் புகைக்கூண்டுக்கும் நடுவில்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, நர்சரியில் வாராந்தரக் கணக்கு. கொம்புக்காக வளர்க்கும் பதினேழாம் எண் கன்றுகளில் ஒன்பதாம் தூரில் ஒரு கொம்பு புதிதாக வெட்டப்பட்டிருந்தது. சுத்தமான வெட்டு, சாய்வாக, மெழுகு தடவி மூடியது. பழகிய கை. அன்று ஒட்டுக்கு உத்தரவு எதுவும் இல்லை. நான் புத்தகத்தில் எழுதினேன்: "எண் 17, தூர் 9, கொம்பு ஒன்று குறைவு. உத்தரவு இல்லை." தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை மாலை அந்தப் புத்தகம் துரையின் மேசைக்குப் போகும். போனது. வெட்டியது யார் என்று வெட்டைப் பார்த்தே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததா என்று இப்போது யோசித்தால் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். நான் எழுதிவிட்டுத்தான் கேட்கிறவன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குள் நுழைந்ததும் அதைப் பார்த்தேன். பந்தலின் மூலையில் மஞ்சள் பூசி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து கட்டி, உச்சியில் நாலு இலைக்கொத்தோடு பந்தக்கால் நின்றது. இலையின் ஓரம் அலை அலையாக, நுனி கொஞ்சம் கீழே வளைந்து. பதினேழாம் எண்ணைத் தவிர வேறு எந்த மரத்துக்கும் அந்த இலை கிடையாது.

எங்கள் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பரிமாறிக்கொண்டிருந்தார். "உக்காருங்க கிராணியாரே. ஆளுக்கு ரெண்டு அகப்பை. மூணாவது கேட்டா, சோறு காட்டுக்கான்னு கதவுல நிக்கிற காவக்காரன் உள்ள வந்துருவான்லா." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டேன். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று ஒட்டுக்காரரின் மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் காலை பெண்ணும் மாப்பிள்ளையும் பகாவ் போனார்கள். பந்தக்காலைப் பிடுங்கி மாப்பிள்ளை வீட்டு வாசலில் நடுவது அவர்கள் வழக்கம். கதவில் காவலர்கள் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், பலகாரத் தூக்கைத் திறந்து பாதியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் துணி கட்டிய கொம்பு மேளக்காரருக்கு முன்னால் போனது. அதை யாரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு ஒட்டுக்காரரை நர்சரிக் கொட்டகைக்குக் கூப்பிட்டேன்.

"என்னய்யா செஞ்சுவச்சிருக்க? அது பதினேழாம் நம்பர்தானே?"

"ஆமாங்கய்யா." மறைக்கவே இல்லை. "பந்தக்காலுக்குப் பால் மரத்துக் கொம்பு வேணும்னு பூசாரி சொல்லிட்டாரு. கோயில் அரசமரம் வெளிய நிக்குது. போலீஸ் போஸ்ட்ல பாஸ் கேட்டேன், கொம்பு வெட்டப் போறதுக்கா பாஸுன்னு சிரிக்கிறானுங்க. நமக்கு வேற எந்தப் பால் மரம் இருக்கு?"

"ஆபீஸ் பின்னால கிழட்டு மரம் எத்தன நிக்குது! அதுல ஒண்ணு ஒடிச்சிருக்கக் கூடாதா?"

அவர் என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மகளுக்குங்க. வெட்டு வாங்கித் தழும்பேறுன மரத்துக் கொம்பயா நடுவாங்க? இது கத்தி படாத மரம். நான் கட்டுன ஒட்டு. இருக்குறதுலயே நல்லது அதான்னு உங்களுக்கே தெரியும்."

எனக்குத் தெரியும். அது ரகசியம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒட்டுக் கட்டுவதற்காக ஒரு கண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதுதான் ரகசியம் என்று அவர் நினைத்திருந்தார். நடப்பட்ட ரப்பர்க் கொம்பு வேர் விடாது. பத்து நாளில் காய்ந்து போகும். அவர் கணக்கில் அவர் கொடுத்தது ஒரு பந்தக்கால்.

செவ்வாய்க்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு, அந்தக் குறைந்த கொம்பைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். சொன்னேன். "நாளைக்கு லண்டன்காரர் வரும்போதா?" என்றார். பிறகு, கொம்பு கண் குறையாமல் முழுசாக இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, அதை அப்படியே கொண்டுவந்து காட்டிவிடலாம் என்று, மறுநாள் விடிந்ததும் காவலோடு ஒரு வண்டியைப் பகாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அவரும் இந்தச் சோதனைக்காடு இங்கேயே இருக்க வேண்டும் என்று விரும்பியவர்.

புதன்கிழமை பத்து நாற்பதுக்கு வண்டி திரும்பியது. கொம்பைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். போலீஸ் வந்து பந்தக்காலைப் பிடுங்குவதைத் தெருவே நின்று பார்த்ததாம். ஆபீஸ் மேசையில் படுக்கவைத்து அளந்தேன். ஐந்து அடி எட்டு அங்குலம். மஞ்சள் துணி அப்படியே இருந்தது.

பதினொன்று இருபதுக்கு லண்டன் துரை கவச வண்டியில் வந்தார். வயது அறுபது இருக்கும். மரம் படித்தவர் அல்ல, சட்டம் படித்தவர் என்று எங்கள் துரை முன்பே சொல்லியிருந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கோப்பையில் தண்ணீர் வாங்கிக் குடித்து, எனக்கும் நன்றி சொன்னார். கடுமையான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. மேசைக்கு முன்னால் ஒட்டுக்காரர் தலைத்துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நல்ல காலில் பாரத்தைப் போட்டு நின்றார். மொழிபெயர்ப்பு என் வேலை.

"ஏன் வெட்டினார் என்று கேளுங்கள்."

"ஏன் வெட்டுனேன்னு கேக்குறாரு."

"கல்யாணத்துக்குங்கய்யா. பந்தக்காலுக்குப் பால் மரம்தான் வைக்கணும். அது முன்னோர் காலத்துலேருந்து உள்ள முறைன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன்: கல்யாணத்துக்கு ரப்பர் மரம்தான் வைக்க வேண்டும், அது முன்னோர் காலத்து வழக்கம் என்கிறார்.

லண்டன் துரை பென்சிலை மேசையில் வைத்தார். "இந்தியாவிலா? அவருடைய முன்னோர்கள் ரப்பர் மரத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா?"

அப்போதுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. பால் மரம் என்றால் கீறினால் பால் வடியும் எந்த மரமும்: ஆல், அரசு, அத்தி. பூசாரி கேட்டது அதைத்தான். கப்பலேறி வந்த பிறகு எங்கள் வாயில் அந்தச் சொல்லுக்கு ரப்பர் மரம் என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியது. இருபது வருஷமாக ஒட்டுக்காரர் "பால் மரம்" என்பார், நான் ஆங்கிலத்தில் "ரப்பர்" என்று எழுதுவேன். அன்றும் கைப் பழக்கம்போல வாய்ப் பழக்கம். ஒரு சொல்லில் அவரைப் பொய்யராக்கி நிறுத்திவிட்டேன்.

விளக்க ஆரம்பித்தேன். அரசமரத்தைப் பற்றி, கம்பிக்கு வெளியே நிற்கும் கோயிலைப் பற்றி. லண்டன் துரை கையை உயர்த்தினார். "அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம்."

அது நியாயமான விதி. நானும் மற்றவர்களிடம் அதையே எதிர்பார்க்கிறவன். நிறுத்திக்கொண்டேன். ஒட்டுக்காரர் என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னங்கய்யா சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல. இரு."

பிறகு கண்களை எண்ணச் சொன்னார்கள். துணியை அவிழ்க்காமல் தள்ளி வைத்துக்கொண்டு, அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கண்ணிலும் பென்சில் முனையை வைத்து எண்ணினேன். முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று. அடியில் எட்டு அங்குலம் நான்கு பக்கமும் சீவியிருந்தது. அந்த அளவில் மூன்று கண் இருந்திருக்கும்.

"அந்த மூன்றும் எங்கே?" என்றார் லண்டன் துரை.

எங்கள் துரை குறுக்கிட்டார். "இது ஊன்றுவதற்காகக் கூர் சீவியது. கண் எடுப்பவன் இப்படிச் சீவ மாட்டான். சதுரமாக, பட்டையை மட்டும் எடுப்பான். எந்த ஒட்டுக்காரனைக் கேட்டாலும் சொல்வான்."

லண்டன் துரை என் பக்கம் திரும்பினார். "நீங்கள் இருபது வருஷமாகக் குறிப்பு எடுப்பவர். உங்கள் குறிப்புகளை லண்டனில் நாங்கள் மறுபேச்சில்லாமல் நம்புகிறோம். இந்த மூன்று கண்களும் எதற்காகச் சீவப்பட்டன என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா? சீவும்போது பார்த்தீர்களா?"

நான் பார்க்கவில்லை. துரை சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஒட்டுக் கத்தி பிடித்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். ஆனால் பார்க்கவில்லை. பார்க்காததை ஒருநாளும் எழுதியதில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்கள். எழுதினேன்: "கண் 31 உள்ளது. அடியில் 3 இல்லை. காரணம் தெரியவில்லை."

எங்கள் துரை அதைப் படித்தார். மேசையில் திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

ஒட்டுக்காரரை வெளியே அனுப்பினார்கள். என்னைப் போகச் சொல்லவில்லை. நாற்காலிகளைப் போல நானும் அங்கே இருந்தேன். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றித் துரை சொன்னார். புதைத்த தகரம், மரவள்ளி, எல்லாம். லண்டன் துரை கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்," என்றார். "ஆனால் நன்றியை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனி தன் சொத்தைக் காப்பாற்ற முடியாது. எனக்குக் காட்டில் இருப்பவர்களைப் பற்றிப் பயமில்லை. அவர்கள் மரத்தை வெட்டுவார்கள், மறுபடி நடலாம். இந்தக் கொம்பு மேளத்தோடு கதவு வழியாக வெளியே போயிருக்கிறது. போய் இறங்கிய வீட்டில் நாலு ஏக்கர் ரப்பர் இருக்கிறது. அதற்கு அடுத்த வீட்டிலும் இருக்கும். இந்த நாட்டில் எந்தக் கிராமத்தில் போய் இந்தக் கொம்பைக் கொடுத்தாலும் அதை என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும். ஆப்பிரிக்காவில் நம் இடத்தைச் சுற்றி ஐம்பது மைலுக்கு ஒரு ரப்பர் மரம் இல்லை. அங்கே இதைத் திருடுகிறவன் அடுப்பில்தான் வைப்பான்."

அந்த மூன்று கண் மட்டும் காரணம் அல்ல என்று அதைக் கேட்கும்போதே எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு மரம் தெரியும், பக்கத்தில் உள்ளவர்களுக்கும் தெரியும். கம்பெனிக்கு வேண்டாதது அதுதான். எதற்காக இத்தனை வருஷம் பழகினோமோ அதுவே குறையாகிவிட்டது. நான் எதை எழுதியிருந்தாலும் சோதனைக்காடு ஒருவேளை போயிருக்கும். இந்த நினைப்பை ஏழு வருஷமாகப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். அதில் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் இல்லை. சோதனைக்காடு போவது வேறு. ஒட்டுக்காரர் திருடன் என்ற பெயரோடு போவது வேறு. திருட்டுப் பேச்சு இல்லாமல் முறையாக மூடியிருந்தால், நர்சரியில் மிச்சமிருக்கும் வேலைக்கு ஒரு வருஷமாவது வைத்திருந்து, வேறு தோட்டத்துக்குத் துரை கடிதம் கொடுத்திருப்பார்.

ஒரு மணிக்கு உத்தரவு எழுதியாகிவிட்டது. நர்சரியை வேரோடு பிடுங்க வேண்டும். தாய் மரங்களுக்கு அடிமரத்தைச் சுற்றி விஷ மருந்து தடவ வேண்டும். புத்தகங்கள் பெட்டியில் கப்பலுக்கு. அதை முடிக்கும்வரை எனக்கு வேலை உண்டு. ஒட்டுக்காரர் மறுநாள் காலைக்குள் லயத்தைக் காலி செய்துவிட்டுப் போக வேண்டும். மேசையில் கிடந்த கொம்பைப் புகைக்கூண்டு அடுப்பில் எரிக்கச் சொன்னார்கள். மண்டோர் எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "துணிய அவுத்துறவா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். உத்தரவில் துணியைப் பற்றி ஒன்றும் இல்லை. நான் பதில் சொல்வதற்குள் லண்டன் துரை தலையை நிமிர்த்தினார். மண்டோர் அப்படியே கொண்டுபோனார்.

நாலு மணிக்கு உத்தரவுத் தாளை எடுத்துக்கொண்டு ஒட்டுக்காரரின் லயத்துக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. பந்தலின் மூங்கில்கள் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றன. வாசலில் பாத்திரங்கள் வெளியே வந்திருந்தன. அவர் மனைவி ஒரு சாக்கில் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க கிராணியாரே. சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னீங்கல்ல. கம்பையும் அப்பவே எண்ணிட்டுத்தான் எந்திரிச்சீங்களாக்கும்?"

"ஏய், சும்மா இரு," என்றார் ஒட்டுக்காரர். "ஐயா என்ன செய்வாரு?"

"என்ன செய்வாரா? எழுதுவாரு. அவருக்கு வேற என்ன தெரியும்?" சாக்கைக் கீழே வைத்தாள். "வேல போனாப் போவட்டும். எம் மக வாசல்ல நட்ட காலப் பிடுங்கிட்டு வந்து அடுப்புல வச்சிருக்கீங்களே, கல்யாணமாகி நாலு நாளு ஆவல. எந்தப் பாவி செய்வான் இத? ஆத்துல விட்டிருக்கக் கூடாதா?"

ஆறு கம்பிக்கு வெளியே இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன், அது உண்மை. சொல்லாமல் விட்டது நல்லதுதான்.

உத்தரவைப் படித்துக் காட்டினேன். ஒட்டுக்காரர் பெருவிரலை மையில் தொட்டு வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நா பால் மரம்னு சொன்னப்ப அந்தத் தொர ஏன் அப்டிப் பாத்தாரு?"

"நான் சொன்னது அவருக்குப் புரியல."

"நீங்க சரியாத்தானே சொல்லியிருப்பீங்க."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவர் பேச்சை எல்லாம் நான்தான் ஆங்கிலமாக்கிக் கொண்டுபோயிருக்கிறேன். ஒருமுறை கூட அவர் சந்தேகப்பட்டதில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். பந்தல் மூங்கிலில் எறும்பு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, எங்கே போகப் போகிறார்கள் என்று கேட்டேன். வெளியேறுகிறவர்களின் புதிய விலாசத்தைப் போலீஸுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

"எங்கன்னு எழுதச் சொல்றது?" என்றார். "மக வீட்டுக்கு எந்த மூஞ்சியோட போறது? பிடுங்கிட்டு வந்த எடம் அது." கொஞ்சம் யோசித்தார். "சிரம்பான்னு போடுங்க. பெரிய ஊரு, எங்கனயாச்சும் இருப்போம்."

சிரம்பான் என்று எழுதினேன். தெருவின் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஐந்து மணிக்கு ஆபீஸில் கடைசி உத்தரவு ஒன்று காத்திருந்தது. லண்டன் துரையின் கையெழுத்தில் இரண்டு வரி: வெளியேறுகிறவரின் சாமான்களைக் கதவில் சோதிக்க வேண்டும், காவலர்களுக்கு ஒட்டுக்கம்பு எது விறகு எது என்று தெரியாது, ஆகவே கிராணியே சோதிக்க வேண்டும். அன்றைய டைரியின் நான்கு வரிகளையும் அதற்குப் பிறகுதான் எழுதினேன். கொம்பின் நீளம், கண்களின் எண்ணிக்கை, உத்தரவின் நேரம், மாலையில் தூறல்.

ஜூன் 14, வியாழக்கிழமை. ஐந்தரைக்குப் பெரட்டு நான் எடுக்கவில்லை, மண்டோர் எடுத்தார். ஐந்து ஐம்பதுக்குக் கதவில் போய் நின்றேன். அவர்கள் முன்பே வந்திருந்தார்கள். மூன்று மூட்டை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாத்திரச் சாக்கு. அவர் மனைவி எனக்கு முதுகைக் காட்டி, ஊருக்குப் போகும் சடக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் வேலையாக, தரையில் உட்கார்ந்து, முதல் மூட்டையின் முடிச்சில் கை வைத்தேன். ஈரத்தில் இறுகியிருந்தது, வரவில்லை. ஒட்டுக்காரர் நல்ல காலை மடக்கி எனக்கு எதிரே உட்கார்ந்து, "விடுங்கய்யா, உங்களுக்கு வராது," என்று தானே அவிழ்த்துக் கொடுத்தார்.